பொம்பேயில் பதினோரு மணிக்கு

டோரே தெல் கிரேக்கோ
9 ஏப்ரல் 1972

அன்புள்ள ரக்கேலே,

அக்கா எர்சிலியா எழுதுவது. நான் சுகம். இடது முழங்கால் மட்டும் படி ஏறும்போது முனகுகிறது. நீயும் மாப்பிள்ளை சவேரியோவும் நலம்தானே? உன் கடிதத்தை மாடிப்படியில் வைத்தே பிரித்துப் படித்தேன், படித்ததும் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி ஒன்பது வருஷம் கழித்து உன் வயிற்றில் ஒரு குழந்தை. கீழ்வீட்டுக்காரி எனக்கு என்னமோ ஏதோ என்று தண்ணீர் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். விஷயத்தைச் சொன்னதும் சந்தோஷத்தில் தண்ணீரை அவளே குடித்துவிட்டாள்.

நவம்பரில் பிரசவம், அதற்கு முன்பே டூரினுக்கு வந்து எங்களோடேயே இருந்துவிடு என்று கேட்டிருக்கிறாய். நீ சொல்வது நியாயம்தான், எனக்கு இங்கே யார் இருக்கிறார்கள்? இஸ்திரிப் பெட்டி எந்த ஊரிலும் சுடத்தான் செய்யும். யோசித்து எழுதுகிறேன்.

ஒரு வேடிக்கை கேள். வியாழக்கிழமை, தேய்த்த சட்டைகளைக் கொடுப்பதற்காக லோக்கல் ரயிலில் போனேன். வண்டி குலுங்கியதில் மூட்டை கை நழுவியது. தொப்பி போட்ட ஒரு மனிதர் அதைத் தாங்கிப் பிடித்தார். எரிமலை புதைத்த ஊரைப் பள்ளம் தோண்டி எடுத்திருக்கிறார்களே, அந்த எர்கோலானோ இடிபாடுகளில் காவலாளியாம்.

"நீங்க தேய்ச்சதா?" என்று கேட்டார்.

"இல்ல, தானா வெறைச்சிக்கிச்சு" என்றேன்.

"உங்க தொழில்காரன் கடை ஒண்ணு எங்ககிட்ட இருக்கு. துணியை அழுத்தி மடிப்பு எடுக்குற மரச்சட்டம். திருகோட அப்படியே நிக்குது. ரெண்டாயிரம் வருஷமா ஒருத்தரும் துணி வாங்க வரல."

நாற்பத்தேழு வருஷமாக இரண்டு நிறுத்தம் தள்ளிக் குடியிருந்தும் நான் அந்தப் பள்ளத்துக்குள் இறங்கியதில்லை. இடிந்த வீட்டைப் பார்க்க டிக்கெட் எதற்கு, நம் தெருவில் சும்மாவே பார்க்கலாம்.

கனமான எதையும் தூக்காதே. மாதா உங்கள் மூவரையும் காக்கட்டும்.

அக்கா


டூரின்
20 ஏப்ரல் 1972

என் அக்காவுக்கு,

ரக்கேலே எழுதுகிறேன். காலையில் வாந்தி, மாலையில் பசி, மற்றபடி சௌக்கியம். உன் முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

யோசித்து எழுதுகிறேன் என்றால் என்ன அர்த்தம்? என் நிலைமையைப் பச்சையாகச் சொல்லிவிடுகிறேன். பிப்ரவரியில் நான் மறுபடி கார் தொழிற்சாலையின் தையல் பிரிவுக்குப் போயாக வேண்டும். கார் இருக்கை தைக்க என் இடத்துக்கு இருபது பேர் காத்திருக்கிறார்கள். சவேரியோவுக்கு ஒரு வாரம் பகல், ஒரு வாரம் இரவு. நீ வந்தால் எனக்குக் குழந்தையும் உண்டு, வேலையும் உண்டு. வராவிட்டால் இரண்டில் ஒன்றுதான். எனக்கு இரண்டும் வேண்டும், அக்கா. பேராசைதான், நான் எப்போது இல்லை என்றேன்?

காவலாளி சங்கதி படித்துச் சவேரியோ சிரித்தான். "உங்க அக்காகிட்ட வாய் கொடுத்துட்டு ஒருத்தன் முழுசா எறங்கிப் போனானா?" என்றான்.

வரும் தேதியை எழுது.

ரக்கேலே


டோரே தெல் கிரேக்கோ
21 மே 1972

அன்புள்ள ரக்கேலே,

பதில் தாமதமாகிவிட்டது. கோபிக்காதே. முழங்கால்தான் காரணம். உனக்கு வாந்தி நின்றதா? எலுமிச்சைத் தோலை மோந்து பார்.

அந்த மரச்சட்டத்தை ஒரே ஒரு தடவை போய்ப் பார்த்தேன். தொழில் விஷயம் என்பதால் போனேன். கரியாகக் கறுத்துப்போயிருந்தாலும் வேலை சுத்தம். நம் ஊர்த் தச்சன் செய்த மேசை மூன்று வருஷம் தாங்கவில்லை. காவலாளி எனக்காகக் கயிற்றைத் தாண்டவிட்டு, பக்கத்தில் நிற்கச் சொன்னார். தொடக்கூடாது என்றார். நான் தொடவில்லை. போன வாரம் பூட்டியிருந்த வீடு இந்த வாரம் திறந்திருந்தது, அதன் சுவரில் பூசியிருக்கும் நீலத்தை நீ பார்க்க வேண்டும். தெருமுனையில் ஒரு சாப்பாட்டுக்கடை. கல் மேடையில் பானைகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். காவலாளி அந்த மேடைக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டு, "என்ன வேணும், பருப்பா, கடலையா?" என்று கேட்டார். பருப்பு நேற்றையதா என்று கேட்டேன்.

நான் கிளம்பும் தேதி இன்னும் முடிவாகவில்லை. கோடையில் இங்கே சட்டைகள் அதிகம்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


டூரின்
30 மே 1972

அருமை அக்கா,

வயிறு மேடு தட்டத் தொடங்கிவிட்டது. நலம். உன் நலத்தைப் பற்றி எனக்குக் கவலையே இல்லை, ஏனென்றால் முழங்கால் வலிக்கிறவள் வாராவாரம் பள்ளத்தில் இறங்கி ஏறமாட்டாள்.

ஒரே ஒரு தடவை போனவளுக்கு, போன வாரம் எந்த வீடு பூட்டியிருந்தது என்று எப்படித் தெரியும்? போன கடிதத்தையும் இதையும் எடுத்துவைத்து எண்ணினேன். காவலாளி, காவலாளி என்று வருகிறதே தவிர, ஒரு இடத்திலாவது பெயர் உண்டா? அவர் பெயர் என்ன? வயது என்ன? வீட்டில் யார் இருக்கிறார்கள்?

தேதியும் கேட்டிருந்தேன். அதுவும் ஞாபகம் இருக்கட்டும்.

ரக்கேலே


டோரே தெல் கிரேக்கோ
2 ஜூலை 1972

அன்புள்ள ரக்கேலே,

வெயில் கொளுத்துகிறது. நான் சுகம். உனக்குக் கால் வீங்குகிறதா? உப்பைக் குறை. ஜன்னல் துளசி நன்றாக வந்திருக்கிறது. கீழ்வீட்டுக்காரியின் மகன் பரீட்சையில் மறுபடி தோற்றுவிட்டான்.

பெயர் ஆர்க்காஞ்சலோ. போதுமா? வயது ஐம்பத்தொன்று. பெனவெந்தோக்காரர். கல்யாணம் ஆகவில்லை. நீ எப்படியும் கேட்பாய் என்பதால் எழுதுகிறேன், மற்றபடி எனக்கென்ன.

ஆகஸ்டில் வருவது கஷ்டம். செப்டம்பரில் பார்க்கலாம்.

பயப்படாதே, பிரசவத்துக்கு எப்படியும் யாராவது இருப்பார்கள்.

அக்கா


டூரின்
12 ஜூலை 1972

அக்கா,

சுகம். யாராவது இருப்பார்கள் என்று எழுதியிருக்கிறாயே, அந்த யாராவது யார்? எனக்கு இருப்பது நீ ஒருத்திதான்.

வருகிறாயா, இல்லையா? ஒரு வரி எழுது. உனக்கு ஒரு துணை கிடைத்தால் எனக்குச் சந்தோஷம்தான். சந்தோஷம்தான் என்று இரண்டு தடவை எழுதிப் பார்த்தேன், பேனா ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறது. அவ்வளவு நல்லவளாக இல்லாமல் போனதற்கு மன்னித்துவிடு.

ரக்கேலே


டோரே தெல் கிரேக்கோ
12 செப்டம்பர் 1972

அன்புள்ள ரக்கேலே,

இரண்டு மாதமாக எழுதாததற்கு மன்னிப்பு. நீ நலமா, வயிற்றில் குழந்தை உதைக்கிறதா?

வருகிறேன். கல்லறைத் திருநாளன்று அப்பா அம்மாவுக்கு மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, மறுநாள் நவம்பர் மூன்றாம் தேதி கிளம்புகிறேன். வந்தால் திரும்பமாட்டேன்.

காரணத்தை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். ஆகஸ்ட் கடைசியில் ரயில் நிலையத்தில் அவர் என்னிடம் சொன்னது இவ்வளவுதான். "பத்தாம் தேதி ஞாயித்துக்கெழம எங்க அக்கா மிகேலினா ஊர்லேர்ந்து வரா. உங்களப் பாக்கணுங்குறா. பொம்பேயில பாப்போம். பதினோரு மணிக்கு, வாசல்ல."

நான் "சரி" என்றேன்.

சாம்பல் நிறக் கவுன் போட்டுக்கொண்டு போனேன். பத்தே முக்காலிலிருந்து இரண்டு மணி வரை மாதா கோவில் வாசலில் நின்றேன். இரண்டு ஞானஸ்நானம், ஒரு கல்யாணம், சாமியார் தீர்த்தம் தெளித்த புதுக் கார்கள் நாலு, எல்லாம் பார்த்தேன். அவர் வரவில்லை. அவர் அக்கா தூரத்தில் நின்று என்னைப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று கூட்டிப்போயிருக்கலாம். யாரைக் குறை சொல்ல? உள்ளே போய் ஒரு ஜெபமாலை சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

இப்போது சட்டைகளைப் பஸ்ஸில் கொண்டுபோகிறேன். அவரைப் பற்றி நீ ஒரு வார்த்தையும் எழுதாதே.

அக்கா


டூரின்
19 செப்டம்பர் 1972

என் தங்கமான அக்காவுக்கு,

நீ வருகிறாய் என்ற வரியைச் சவேரியோவிடம் மூன்று தடவை படித்துக் காட்டினேன். குழந்தையும் கேட்டது, உதைத்தது.

எழுதாதே என்றாய், ஒரே ஒரு வரி எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறேன். கல்லோடு காலம் தள்ளுகிறவனுக்கு உன் மூன்று மணி நேரம் எப்படிப் பெரிதாகத் தெரியும்? அவன் கிடக்கிறான். அவன் அக்காவும் கிடக்கிறாள்.

உனக்கு ஜன்னல் பக்கம் கட்டில். இங்கே பனி மூட்டம் அதிகம், கம்பளி கொண்டு வா.

ரக்கேலே


டூரின்
4 அக்டோபர் 1972

அன்புள்ள அக்கா,

நலம். நீ நலமா? கட்டில் வந்துவிட்டது. கட்டிலுக்குப் பச்சை விரிப்பா, மஞ்சள் விரிப்பா? மஞ்சள் வாங்கிவிட்டேன். வேறு விசேஷம் இல்லை. சவேரியோ குழந்தைக்குத் தொட்டில் செய்கிறேன் என்று கட்டை விரலில் அடித்துக்கொண்டான். மார்க்கெட்டில் காளான் வந்திருக்கிறது. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

ரக்கேலே


டோரே தெல் கிரேக்கோ
11 அக்டோபர் 1972

அன்புள்ள ரக்கேலே,

நான் சுகம். விசேஷம் இல்லை என்று இரண்டு தடவை சொல்ல ஒரு கடிதமா? உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது.

வீட்டைக் காலி செய்யத் தொடங்கிவிட்டேன். இஸ்திரிப் பெட்டியைக் கீழ்வீட்டுக்காரிக்குக் கொடுத்துவிட்டேன். அவள் அழுதாள், நான் அழவில்லை. நேற்று பஸ் வராததால் ரயிலில் போக வேண்டியதாயிற்று. எர்கோலானோ வந்ததும் மறுபக்க ஜன்னலுக்குத் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அந்தப் பக்கம் மலைதான் தெரிந்தது. மலைக்கென்ன, எப்போதும் போல நின்றது.

மஞ்சள் விரிப்பே இருக்கட்டும்.

அக்கா


டூரின்
16 அக்டோபர் 1972

அக்கா,

இதை எக்ஸ்பிரஸ் தபாலில் அனுப்புகிறேன். நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்.

எங்கள் மேல்மாடி பால்போ அம்மாள் படிக்கட்டில் என்னை நிறுத்தி, "ஒங்க அக்கா எப்ப வராங்க?" என்று கேட்டாள். சொன்னேன். எனக்குத்தான் வாய் நிற்காதே, பொம்பேயில் ஒருத்தன் உன்னைக் காக்க வைத்த கதையையும் சொல்லிவிட்டேன்.

"பொம்பேயா? அங்க ஒரு செத்த நாய் இன்னும் சுருண்டு கெடக்குதாமே, பாத்தாங்களா?" என்றாள்.

"மாதா கோவில்ல ஏது நாய்?"

"கோவிலா? பொம்பேயில கோவில் வேற இருக்கா? நான் இடிபாடுன்னுல்ல நெனச்சேன்."

அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன், அக்கா. நம் தெருவில் யாரிடம் வேண்டுமானாலும் கேள், பொம்பேய் என்றால் மாதாதான். நேர்ச்சைக்கு, கல்யாணப் பேச்சுக்கு, புதுக் காருக்கு, எல்லாவற்றுக்கும் அங்கேதான் போகிறோம். ஆனால் இடிபாட்டில் தொப்பி போட்டு நிற்கிற மனிதர் பொம்பேய் என்று சொன்னால் எதைச் சொல்லியிருப்பார்? அவருக்கு அங்கேயும் கூட்டாளிகள் இருப்பார்கள், அக்காவுக்குச் சுற்றிக் காட்டலாம் என்று நினைத்திருப்பார். அந்தப் பழைய ஊருக்கும் ஒரு வாசல் இருக்கிறது. டோரே அனுன்சியாத்தாவில் தண்டவாளம் பிரிகிறதே, நீ கோவில் பக்கம் போனாய், அவர் மற்றப் பக்கம் போயிருப்பார். இரண்டு பேரும் ஒரே மணிக்கு, இரண்டு வாசலில்.

இதுவரை எழுதியது சுலபம். இனிமேல்தான் கஷ்டம். பால்போ அம்மாள் இதைச் சொன்னது செப்டம்பர் இருபத்தேழு. இன்று அக்டோபர் பதினாறு. பத்தொன்பது நாள் எனக்குத் தெரியும். தெரிந்துகொண்டேதான் உனக்கு மஞ்சள் விரிப்பு பற்றியும் காளான் பற்றியும் எழுதினேன். ஒருவேளை என் யூகம் தப்பாக இருக்கும் என்றேன். ஒருவேளை அவன் நல்லவனில்லை என்றேன். உண்மை என்னவென்றால் நீ எனக்கு வேண்டியிருந்தது. இஸ்திரிப் பெட்டியைக் கொடுத்துவிட்டேன் என்று நீ எழுதிய வரியைப் படித்த பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

நீ வராவிட்டால் குழந்தையை யார் பார்ப்பது என்று எனக்கு இந்த நிமிஷம் தெரியாது. தெரிந்த பிறகு எழுதலாம் என்று இருந்தால் எழுதவே மாட்டேன், என்னை எனக்குத் தெரியும். நாளைக்கே எர்கோலானோ போ. என்னைத் திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்.

ரக்கேலே


டோரே தெல் கிரேக்கோ
23 அக்டோபர் 1972

அன்புள்ள என் ரக்கேலே,

நான் சுகம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? இனி சோறு இறங்கட்டும்.

உன் கடிதம் வியாழக்கிழமை வந்தது. உட்கார்ந்துதான் படித்தேன். மறுநாள் காலை லோக்கல் ரயிலைப் பிடித்தேன். பள்ளத்துக்கு இறங்குகிற சாய்வில் அவர் ஒரு பள்ளிக்கூடக் கும்பலை எண்ணிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எண்ணிக்கை விட்டுப்போயிற்று.

"பத்தாம் தேதி எங்க நின்னீங்க?" என்று கேட்டேன்.

"வாசல்லதான். மூணு மணி வரைக்கும். எங்க அக்காவுக்குப் புதுச் செருப்பு கடிச்சு, கையில தூக்கிட்டு நடந்தா."

"எந்த வாசல்?"

"இதென்ன கேள்வி? பொம்பேய் வாசல். கடல் பக்கத்து வாசல், டிக்கெட் குடுப்பாங்களே."

"நான் கோவில் வாசல்ல நின்னேன்."

அவர் தொப்பியைக் கழற்றினார். "கோவில்லயா? பொம்பேயின்னா இடிபாடுதானே?"

"பொம்பேயின்னா மாதாதானே?"

"எங்க அக்காகூட அப்பவே சொன்னா, 'ஒரு வேள கோவிலுக்குப் போயிருப்பாங்களோ, எட்டிப் பாத்துட்டு வருவோமா'ன்னு. நான்தான், 'என்னைப் பாக்க வரவ எதுக்குக் கோவிலுக்குப் போறா'ன்னு அவ வாய அடைச்சிட்டேன்."

அதற்குள் டிக்கெட் கொடுப்பவரும் மற்றக் காவலாளிகளும் கூடிவிட்டார்கள். டிக்கெட்காரர் என் கட்சி. காவலாளிகள் அவர் கட்சி. "ரெண்டாயிரம் வருஷமா இருக்குற ஊரு பெருசா, நேத்துக் கட்டுன கோவில் பெருசா?" என்று ஒருவர். "உன் ஊர்ல ஒருத்தன் உசிரோட இருக்கானா, சொல்லு" என்றார் டிக்கெட்காரர். பள்ளிக்கூடக் கும்பல் பாட்டுக்கு எங்கேயோ போய்விட்டது. நான் சிரிக்கத்தான் தொடங்கினேன், நடுவில் அழுகையாகிவிட்டது. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார், எல்லார் முன்னாலும். இவ்வளவு நாளில் அதுதான் முதல் தடவை.

ஈஸ்டர் முடிந்ததும் கல்யாணம். நவம்பர் மூன்றாம் தேதி நான் சொன்னபடி கிளம்புகிறேன், பிப்ரவரி கடைசி வரை உன்னோடு இருக்கிறேன். அதற்குப் பிறகு குழந்தைக்கு என்ன வழி என்று நேரில் பேசுவோம். உன் வேலை போகக்கூடாது. கிறிஸ்துமஸ் லீவுக்கு அவரும் டூரின் வருகிறார். எந்த நிலையத்தில் இறங்க வேண்டும் என்று இரண்டு தடவை எழுது. டூரினில் எத்தனை நிலையம் இருக்கிறதோ, எங்களை நம்ப முடியாது.

உன் கடிதத்தை அவர் படிக்க ஆசைப்பட்டார். கண்ணாடியை அறையில் விட்டுவிட்டு வந்திருந்தார், ஆகவே நான்தான் படித்துக் காட்டினேன். பால்போ அம்மாளின் நாய்க்கு வயிறு வலிக்கச் சிரித்தார். "இனிமேல்தான் கஷ்டம்" என்று தொடங்குகிற இடத்தில் நிறுத்திக்கொண்டேன்.

"ஏன், அவ்வளவுதானா?" என்றார்.

"மை கொட்டியிருக்கு. படிக்க முடியல."

"உங்க தங்கச்சி இத எப்பக் கண்டுபிடிச்சாங்க?"

"கடுதாசி போட்ட அன்னிக்கேதான். கண்டுபிடிச்ச கையோட எழுதிட்டா" என்றேன்.

அந்தப் பத்தியை நான் நாலு தடவை படித்துவிட்டேன். அது நீ எனக்கு எழுதியது, அவருக்கு இல்லை. உன் இடத்தில் நான் இருந்தால் பத்தொன்பது நாளில் எழுதியிருப்பேனா என்று யோசித்துப் பார்த்தேன். எழுதியிருக்க மாட்டேன், ரக்கேலே.

அவர் டூரினில் உன் சாப்பாட்டு மேசையில் எழுந்து நின்று, தெரிந்த அன்றே எழுதியதற்காக உனக்கு நன்றி சொல்லப்போகிறார். ரயிலில் போகும்போதெல்லாம் அதை ஒத்திகை பார்க்கிறார். அவர் சொல்லி முடிக்கும் வரை நீ வாயைத் திறக்காதே. தலையை ஆட்டிவிட்டு, அவருக்கு இன்னும் கொஞ்சம் சூப் ஊற்று.

உன் அக்கா
எர்சிலியா